நீர்க்குறி

காலை ஏழு மணிக்கு வில்மார் அழைத்தான்.
ஆறு இறங்கிவிட்டது. பதினெட்டுக் கடை.
படத்துக்கு இவ்வளவு. பணம் அறுபது நாளில்.
அறுபது என்றால் தொண்ணூறு;
இந்தக் கணக்கு மட்டும் எனக்குத் தப்பியதே இல்லை.

நேற்று, பல் மருத்துவரின் சிரிக்கும் நோயாளிகள்.
முந்தாநாள், விற்பனைக்கு வந்த வீட்டில்
அகன்ற லென்ஸால் நான் பெரிதாக்கிய குளியலறை.
இன்று சால்ட்டோவின் கீழைத் தெருக்கள்.
முழங்கால்வரை ரப்பர் பூட்ஸ், பையில் இரண்டு பேட்டரி,
தையல்காரரிடம் இரவல் வாங்கிய அளவுகோல்.

காப்பீட்டுக்காரர்களுக்கு அழகு வேண்டாம்.
சுவரில் ஆறு விட்டுப்போன பழுப்புக் கோடு,
பக்கத்தில் செங்குத்தாய் அளவுகோல்,
எண் தெரிந்தால் போதும்.
ஒரு மீட்டர் நாற்பத்திரண்டு.
நீர்மேல் எழுத்து நிலைக்காது;
நீர் எழுதியதோ
மருந்துக்கடை, சைக்கிள் கடை, பூட்டிய வங்கி என
ஒரே மட்டத்தில்
ஒரே கையெழுத்தாய் நின்றது.

ஒன்பதாவது, ஏபே சர்தோரியின் பாஸ்தா கடை.
வாசலிலேயே நின்றுவிட்டேன்.
மூன்று வருடத்துக்கு முன் திறப்பு நாளன்று
இங்கே படமெடுத்தவள் நான்.
பில் எண் நாற்பத்தேழு. இன்னும் வரவில்லை.

தேர்ந்தெடுக்கச் சொல்லி அனுப்பிய மாதிரிப் படத்தை,
குறுக்கே சாம்பல் நிறத்தில் என் பெயர் ஓடும் அதே படத்தை,
அச்சடித்துச் சட்டம் போட்டு மாட்டியிருந்தாள்.
பாதிவரை சேறு.
சுல்மா மேலே.
எச்சார்த்தே சேற்றுக்கடியில்.
படத்தின்மேல் போடும் பெயருக்கு எங்கள் தொழிலில்
நீர்க்குறி என்று பெயர்.
யாரும் எடுத்துக்கொண்டு போகாமலிருக்க.
ஆற்றுக்கு அது தெரியாது.
ஏபேக்கும்தான்.

"இயந்திரங்கள் இருந்ததற்கு ஆதாரம்?" என்றான் வில்மார்.
ரசீதுகள் இழுப்பறைக்குள் கூழாகிக் கிடந்தன.
அவள் என்னைப் பார்க்கவில்லை.
சுவரிலிருந்து படத்தைக் கழற்றி
முன்றானைத் துணியால் துடைத்து நீட்டினாள்.
"தெளிவில்லை அம்மணி. இயந்திர எண் படிக்க முடியவில்லை.
மேலே ஏதோ எழுதியிருக்கிறது."

ஏதோ.

இரவு, பழைய வன்தட்டு முனகி முனகித் திறந்தது.
மூலப்படத்தைப் பெரிதாக்கினேன், இன்னும், இன்னும்.
எஃகுத் தகட்டில் ஏழு இலக்கம்.
அதற்கு மேலே, பளபளப்பில்,
ஒரு கண்ணை மூடிக்கொண்டு நான், கொஞ்சம் ஒல்லியாக.
அன்று நான் பார்த்தது
சன்னல் வெளிச்சத்தில் மிதந்த மாவை மட்டும்.
எண் தானாக வந்து விழுந்திருக்கிறது.

பெயரை எடுத்துவிட்டுப் படத்தை அனுப்பினேன்.
அனுப்பும் முன், பில் நாற்பத்தேழையும் இணைத்தேன்.
நீக்கினேன்.
மறுபடி இணைத்தேன்.
வாடகை பத்தாம் தேதி.

"காப்பீடு வந்தால் முதலில் உனக்கு" என்றாள் போனில்.
"வராவிட்டால்?"
"வராவிட்டால் உனக்கு முன்னால் கரண்ட்காரன் நிற்கிறான்."

இருபத்தொன்பதாம் தேதி கடை திறந்தது,
இயந்திரம் இல்லாமல், கையால் உருட்டிய ஞோக்கியோடு.
இந்த நாளில் தட்டுக்கடியில் காசு வைத்து உண்டால்
அடுத்த மாதம் பணம் வரும் என்பது இங்கே வழக்கம்.
நான் பத்து பெசோ வைத்தேன்.
எதிரே உட்கார்ந்து அவளும் வைத்தாள்.
உப்பு கூடுதல். சொல்லவில்லை.

சேறு காய்ந்த படம் அதே ஆணியில்.
"பெயரில்லாத நல்ல பிரதி தரட்டுமா?"
"இதுவே இருக்கட்டும்.
யார் எடுத்தது என்று கேட்கிறவர்களுக்கெல்லாம்
பதில் சொல்ல எனக்கு நேரமில்லை."

போன் அதிர்ந்தது. வில்மார்.
பன்னிரண்டாம் கடையில் அளவுகோல் சாய்ந்திருக்கிறதாம்.
மறுபடி எடுக்க வேண்டுமாம்.
அதற்குத் தனிக் காசு உண்டா என்று கேட்டேன்.
பன்னிரண்டாம் கடைக்கு
நேற்றே வெள்ளையடித்துவிட்டார்கள் என்பதைச்
சொல்லவில்லை.